வாசலில் செருகிய வேப்பிலை

ஐயா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன். பயந்துவிடாதே, இரண்டு தெரு தள்ளி புஷ்பம் வீட்டில்தான் இருப்பேன். சோறு, குழம்பு எல்லாம் மூடி வைத்திருக்கிறேன், முதலில் சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிற அம்மா இந்தத் தூத்துக்குடியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆனால் பதினெட்டு வருஷமாக உன் முகத்தைப் பார்த்துப் பார்த்தே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டவள் நான். இனியும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் திங்கட்கிழமை வந்துவிடும். மீனைப் பதப்படுத்தக் கற்றுக்கொள்கிற அந்த ஆறு மாதப் படிப்புக்கு நீ ஜப்பானுக்கு வருகிறாயா இல்லையா என்று, அதை நடத்துகிறவர்களுக்குத் திங்கட்கிழமைக்குள் கடைசிப் பதில் எழுதியாக வேண்டும்.

ஒரு மாதமாக இந்த வீட்டில் உன் பெட்டிக்கு நடந்த உபசாரம் புது மாப்பிள்ளைக்குக்கூட நடந்திருக்காது. புஷ்பம் தினமும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, என்றைக்கோ மூன்று வாரம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்த தெம்பில் உத்தரவு மேல் உத்தரவாகப் போட்டாள். எங்கே போனாலும் ஷூவைக் கழற்றச் சொல்வார்கள், அதனால் கயிறு இல்லாததாக வாங்கு என்றாள். காலுறையில் ஓட்டை இருந்தால் மானம் போய்விடும் என்று, தான் அங்கே பெருவிரல் தெரிய நின்ற கதையை நூறாவது தடவையாகச் சொன்னாள். யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகக் கூடாது என்று அவள் சொன்னதால் மக்ரூன் பன்னிரண்டு பாக்கெட் வாங்கினோம். கருவாட்டை மட்டும் சேர்க்கவே விடவில்லை. எல்லாம் முடிந்ததும் நான் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்து, இருபத்து நாலு கிலோ இருக்கிறது, ஒரு கிலோ எடு என்றேன். நீ நம்பாமல் அண்ணாச்சி கடைத் தராசில் கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, சிரித்துக்கொண்டே பருப்புப் பொடி டப்பாவை வெளியே எடுத்தாய். இந்தச் சிரிப்பை ஆறு மாதத்துக்குப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாதே என்று அப்போதுதான் முதல் தடவையாக எனக்குத் தோன்றியது.

போன புதன்கிழமை டாக்டர் என் முழங்கால் ஆபரேஷனுக்கு அடுத்த மாதத்தில் தேதி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் பெட்டிக்குள் இருந்த மக்ரூன் பாக்கெட்டுகள் எல்லாம் அலமாரியில் வரிசையாக இருக்கின்றன. என்ன ஐயா இது என்று கேட்டேன். "எனக்கு அம்மை போட்டிருந்தப்ப நீ ஜப்பானுக்குப் போகாம எங்கூட இருந்தேல்லாம்மா. இப்ப என் முறை" என்று சொன்னாய். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று, ஏதோ திருச்செந்தூர் பஸ்ஸை விட்டவன் மாதிரி லேசாகச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய். அடுத்த வருஷம் இந்த இடம் உனக்குக் கிடைக்காது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். நான் அடுப்படிக்குப் போய், பற்றவைக்காத அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன்னால் உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நேரில் புகழ்ந்தால் சும்மா இரும்மா என்று எழுந்து போய்விடுவாய். கடிதத்திலிருந்து அப்படிப் போக முடியாது, கேட்டுத்தான் ஆக வேண்டும். பிடித்த மீன் ஐஸ் பெட்டிக்குள் எவ்வளவு நேரத்தில் குளிர்கிறது என்று பார்ப்பதற்காகத் தருவைகுளத்துப் படகில் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் வாந்தி எடுத்து எடுத்து, முகம் வெளிறித் திரும்பி வந்தாய். இனி இவன் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான் என்று நானும் புஷ்பமும் பேசிக்கொண்டோம். நீ மறுநாளும் போனாய், அதற்கு மறுநாளும் போனாய். உன் கையில் இருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துப் படகுக்காரர்கள், மீனுக்குக் காய்ச்சலா தம்பி என்று கேலி செய்தார்களாம். வேறு யாராவது படித்த பிள்ளையாக இருந்தால் முறைத்திருக்கும். நீ தெர்மாமீட்டரைப் பையில் வைத்துவிட்டு, எனக்கு ஐஸ் அடுக்கத் தெரியாது, நீங்கள் எப்படி அடுக்குகிறீர்கள் என்று காட்டுங்கள் என்று அவர்களோடு குனிந்து நின்றாயாம். இதையெல்லாம் அந்தப் படகுக்காரர்தான் ஏலக்கூடத்தில் வைத்து என்னிடம் சொன்னார். "ஒங்க பையன் படிச்சவன் மாதிரியே இல்ல பாத்துக்கிடுங்க. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுதான்" என்றார். எத்தனையோ பேர் உன்னைப் பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு மனசு நிறைந்தது அன்றைக்குத்தான்.

ஜப்பான் மொழிப் பரீட்சையில் முதல் தடவை தோற்றபோதும் அப்படித்தான். நான் யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ டீக்கடையில் போய் நின்று, நான் பெயிலு, எல்லாருக்கும் என் செலவில் டீ என்று சொல்லிவிட்டு வந்தாய். அதே வாரத்தில் குளியலறைச் சுவரில் ஈர விரலால் அந்தக் கோணல்மாணல் எழுத்துகளை மறுபடியும் எழுத ஆரம்பித்தாய். உனக்கு வெட்கம் என்பதே கிடையாதா என்று அன்றைக்கு உன்னைத் திட்டினேன். உண்மையில் நான் உன்னைப் பார்த்து அசந்துபோயிருந்தேன், ஐயா. இந்தக் குணம் உனக்கு எங்கே இருந்து வந்தது என்று பல தடவை யோசித்திருக்கிறேன். என்னிடமிருந்து வரவில்லை, அது மட்டும் நிச்சயம்.

என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. தமிழில் எதைக் கொடுத்தாலும் விட மாட்டேன், பேப்பரை விளம்பரம் உட்பட படித்து முடித்தால்தான் எனக்குத் திருப்தி. ஆங்கிலம் என்றால் என் பெயரை எழுதுவதோடு சரி. பத்தொன்பது வயதில் மீன் கம்பெனிக்குக் கணவாய் மீன் சுத்தம் செய்யப் போனேன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் வலை, நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நிற்க வேண்டும். அங்கே போன பிறகுதான் எனக்கே தெரிந்தது, என் கையில் ஏதோ இருக்கிறது என்று. ஒரு கணவாயைத் தொட்டால் இன்றைக்குப் பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா, ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று விரல் சொல்லிவிடும். அதை வைத்துத்தான் என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சூப்பர்வைசர் ஆனால் சரக்கின் ரகம், குளிர் அறையின் சூடு எல்லாவற்றையும் ரெஜிஸ்டரில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அதை எனக்காக எழுதிக் கொடுத்தது, அங்கே என்னோடு வேலை பார்த்த புஷ்பம். மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுவாள், கீழே நான் கையெழுத்துப் போடுவேன். அதில் பொய்யாக ஒரு எண்கூடக் கிடையாது. ஆனால் எனக்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது என்பது மேனேஜருக்குத் தெரியாது, கூட வேலை பார்த்த மற்றப் பெண்களுக்குத் தெரியாது, உன் அப்பாவுக்கும் தெரியாது.

வருஷத்துக்கு ஒரு தடவை, சரக்கு வாங்குகிற ஜப்பான் கம்பெனியிலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வருவார். உனக்கு ஆறு வயதான வருஷம் அவர் வந்தபோது என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு தட்டு நிறையக் கணவாயை முன்னால் வைத்தார். அதில் இரண்டு மட்டும் பழையவை. நான் தொட்டுப் பார்த்து அந்த இரண்டையும் எடுத்துத் தனியே வைத்தேன். கண்ணைத் திறந்தால் அந்த மனிதர் என் முன்னால் இடுப்பு வரை குனிந்து நிற்கிறார். கணவாய் நாற்றம் அடிக்கிற கையோடு நின்ற எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை, நானும் குனிந்தேன். மூன்று வாரப் பயிற்சிக்கு இங்கிருந்து ஒருவரை ஜப்பானுக்கு அனுப்பலாம், இந்த அம்மாவை அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். கம்பெனியே கொண்டாடியது. அப்பா உப்பு லாரியை நிறுத்துகிற இடத்தில் எல்லாம் என் பெண்டாட்டி ஜப்பான் போகிறாள் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

பிறகு மேனேஜர் கூப்பிட்டுப் பாஸ்போர்ட் பாரத்தைக் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாக, அங்கே கடைசியில் பரீட்சை இருக்கும், கற்றுக்கொண்டதை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், உங்களுக்கென்ன, தினமும் ரெஜிஸ்டர் எழுதுகிற ஆள்தானே என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் கண் முன்னால் ஒரே காட்சிதான். அந்தப் பெரியவர் என் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைக்கிறார், நான் அதில் என் பெயரை மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தை என் வாயில் வரவே இல்லை.

மறுநாள் காலையில் உன்னைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், உன் முதுகில் ஐந்தாறு வேனல் கொப்புளம். பங்குனி வெயிலில் எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான். இரண்டு நாள் சந்தனத்தைக் குழைத்துப் பூசினால் அமுங்கிவிடும். நான் சந்தனக் கட்டையைத் தேடவில்லை. தெருக்குழாய்ப் பக்கத்தில் நின்ற வேப்பமரத்தில் ஒரு கொத்து ஒடித்து வந்து வாசலில் செருகினேன். அவ்வளவுதான், ஐயா. உனக்கு அம்மை போடவே இல்லை.

நம் ஊரில் வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டால் யாரும் உள்ளே வர மாட்டார்கள், ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். பெற்றவள் பிள்ளையை விட்டு நகரக் கூடாது என்பதை மேனேஜரில் இருந்து கூட்டுகிற ஆள் வரைக்கும் ஒத்துக்கொள்வார்கள். அது தெரிந்துதான் செய்தேன். பதினோரு நாள் உன்னை வீட்டுக்குள் அடைத்து வைத்தேன். தாளிக்கவில்லை, மீன் வாங்கவில்லை, வேப்பிலைப் படுக்கையில் உன்னைப் படுக்க வைத்தேன். பள்ளிக்கூடத்து லெமன் ஸ்பூன் ஓட்டத்துக்காக நீ ஒரு மாதமாக வாயில் கரண்டியோடு வீட்டைச் சுற்றி வந்தாயே, அந்த விளையாட்டு விழா அந்தப் பதினோரு நாளுக்குள் வந்து முடிந்துபோனது. நீ அழுது ஓய்ந்த பிறகு, "எம்மா, எனக்கு வலிக்கவே இல்லையே" என்று கேட்டாய். "அம்மன் ஒனக்கு வலிக்காம பாத்துக்கிடுதா" என்று நான் சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளையை ஏமாற்ற நான் சாமியையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். உன் அப்பா கேரளாவில் உப்பை இறக்கிவிட்டு வந்து, வேப்பிலையைப் பார்த்துவிட்டு, அம்மை இறங்கி உனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் செருப்புப் போடாமல் நடந்தார். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் அவரிடமும் நான் சொல்லவில்லை.

எனக்குப் பதிலாக ஜப்பானுக்குப் போனது புஷ்பம். போய்விட்டு வந்து, கேட்காமலே ஒரு விஷயம் சொன்னாள். அங்கே எழுத்துப் பரீட்சை என்று ஒன்று இல்லவே இல்லையாம். கூடப் போன மொழிபெயர்ப்பாளர் எழுத வேண்டியதை எல்லாம் எழுதிக்கொண்டாராம். கடைசி நாளில் ஆளுக்கு ஒரு தட்டு மீனைக் கொடுத்துத் தொட்டுச் சொல்லச் சொன்னார்களாம், அவ்வளவுதான் பரீட்சை. நீ வந்திருந்தால் நீதான் முதல், அந்தப் பெரியவர் உன்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்றாள். நான் எதற்குப் பயந்து ஒளிந்தேனோ அது அங்கே இருக்கவே இல்லை. 

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. பிள்ளைக்காக ஜப்பானையே விட்டவள் என்று தெருவில் என்னைக் கொண்டாடினார்கள். நான் மறுக்கவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொள்வது போல அந்தப் பேரையும் கட்டிக்கொண்டு திரிந்தேன். உன்னைப் பார்க்கும்போதெல்லாம், உன்னாலதாம்ல ஒங்க அம்மாவுக்கு ஜப்பான் போச்சு என்று யாராவது செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளுவார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. நீ தலையைக் குனிந்துகொள்வாய். அதை நான் பார்த்திருக்கிறேன். பத்து வயதில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு விமானம் வரைந்து, ஜன்னலில் நானும் நீயும் உட்கார்ந்திருக்கிற மாதிரி போட்டுக்கொண்டு வந்து காட்டினாய். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பதிமூன்று வயதில் குலசை அம்மன் கோயில் தசராவுக்கு, எனக்கு அம்மை இறங்கியதற்கு நானே நேர்ந்துகொள்கிறேன் என்று குரங்கு வேஷம் போட்டுக்கொண்டு, வால் இடறி இடறி வீடு வீடாகக் காணிக்கை கேட்டுப் போனாய். வாண்டுகள் வாலைப் பிடித்து இழுத்தன, நீ கோபப்படவே இல்லை. உன் பின்னால் நான் அழுதுகொண்டு வந்ததைப் பக்தி என்று எல்லாரும் நினைத்தார்கள். இல்லாத அம்மைக்கு என் பிள்ளை நேர்த்திக்கடன் செலுத்துகிறானே என்றுதான் அழுதேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்ட பிறகு என்னால் இருப்புக்கொள்ள முடியவில்லை. காலை இழுத்துக்கொண்டு புஷ்பம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கொஞ்சங்கூட அதிர்ச்சி அடையவில்லை. சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டே, "ஏளா, அன்னைக்கு நான் ஒன்னப் பாக்க வாசல் வரைக்கும் வந்தேன். ஜன்னல் வழியா பாத்தா ஒன் பிள்ளை கட்டில் மேல ஏறிக் குதிச்சிக்கிட்டு கெடந்தான். அம்மை போட்ட பிள்ளையா அது? நான் யார்ட்டயும் மூச்சு விடல. ஆனா இனி நீ வாயத் தொறக்கலன்னா நான் தொறப்பேன்" என்றாள். பதினெட்டு வருஷமாகத் தெரிந்தே என் மானத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். ரெஜிஸ்டர் எழுதிக் கொடுத்ததும் அவள், ஊரிடம் என்னைக் காட்டிக்கொடுக்காததும் அவள். ஆபரேஷன் முடிந்து நான் நடக்கிற வரைக்கும் அவள் வீட்டில்தான் இருக்கப் போகிறேன். கீழ் அறையை ஒழித்து, சுவரில் பிடித்து நடக்கக் கம்பி வைக்க ஆளும் சொல்லிவிட்டாள். அதனால் காலைக் காரணம் காட்டாதே.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. அங்கே உனக்கும் பயம் வரும். வகுப்பில் எல்லாரும் தலையை ஆட்டும்போது உனக்கு மட்டும் ஒன்றும் விளங்காத நாள் வரும். அப்போது என்னைப் போலத் தலையை ஆட்டிவிட்டு வராதே. தருவைகுளத்தில் என்ன செய்தாயோ அதையே செய். தெரியாது, காட்டுங்கள் என்று கேள். படகுக்காரர்களே காட்டினார்கள், ஜப்பான்காரர்கள் காட்ட மாட்டார்களா? என் கை நன்றாக இருந்தது, ஆனால் வாய் கோழையாக இருந்தது. உனக்கு இரண்டும் நன்றாக இருக்கின்றன. எனக்குக் கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன் என்று நினைக்கத் தோன்றுகிற அந்தத் துணிவை, நீ யாரும் சொல்லித்தராமலே வைத்திருக்கிறாய். உன்னைப் பெற்றதில் எனக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை. அதை இந்த வீட்டு அலமாரியில் மக்ரூனோடு அடுக்கி வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

உனக்காக நான் எதையும் விடவில்லை, ஐயா. என் பயத்துக்காக விட்டேன். அதனால் நீ எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது என்று எதுவுமே இல்லை. இதைப் படித்து உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும், வர வேண்டும். சமாதானம் செய்ய நான் வர மாட்டேன், புஷ்பத்தையும் அனுப்ப மாட்டேன். என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாதே, எத்தனை மாதம் வேண்டுமானாலும் பேசாமல் இரு. ஆனால் இங்கே இருந்துகொண்டு பேசாமல் இருக்காதே. ஜப்பானுக்குப் போய்ப் பேசாமல் இரு.

அம்மா